பாத்தியா, பையா, பந்தலா? வீட்டுப் பின்புறத்தில் குடும்பமே சேர்ந்து காய்கறி போடுவதற்கு முன்

தம்பி புது வீட்டுக்குக் குடிபோய் ஆறு மாதம் ஆகிறது. திருச்சிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புறநகர். வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், கிழக்கு மேற்காக 20 அடியும் தெற்கு வடக்காக 15 அடியும் இடம் கிடக்கிறது. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் ஜல்லியும் பாதி, நாயுருவியும் பார்த்தீனியமும் மீதி. போன வாரம் போன் செய்து, "அண்ணே, காய்கறி போடலாம்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். பாத்தி கட்டவா, குரோ பேக் வாங்கவா, பந்தல் போடவா?" என்று கேட்டான். எல்லாரும் என்று அவன் சொன்னது ஐந்து பேரை. அவன், அவன் மனைவி, ஆறாவது படிக்கும் பையன், நான்கு வயதுப் பெண், எங்கள் அம்மா.

எங்கள் வீட்டில் மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம். முதல் வருடம் குரோ பேக் என்கிற செடிப் பை, இரண்டாம் வருடம் நிலம், மூன்றாம் வருடம் நிலத்தோடு பந்தல். எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், எங்களோடு இருக்கும் என் மாமனார். மாமா லால்குடிப் பக்கம் வாழையும் நெல்லும் பார்த்தவர். இப்போது 72 வயது, முழங்கால் வலி. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற வீட்டாருக்கும் பயன்படட்டும்.

விளைச்சலை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். மண் உள்ள இடத்தில் மண்தான் முதல். ஆனால் தம்பி கேட்டது குடும்பமே சேர்ந்து போடும் தோட்டம். அதற்கு விளைச்சலுக்கு முன்னால் வேறு சில கேள்விகள் வருகின்றன. யாருக்கு முழங்கால் மடங்கும், யாருக்கு மடங்காது? சின்னக் கை எவ்வளவு தூரம் எட்டும்? காலை ஏழு மணிக்கு வீட்டில் யாருக்குக் கை ஒழியும்? இதையெல்லாம் பார்க்காமல் போட்ட தோட்டம் மூன்றாம் மாதம் ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் அந்த ஒருவர், ஏற்கனவே சமையலறையையும் தூக்கிச் சுமக்கிற பெண்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெயிலை முதலில் பாருங்கள்

எதைப் போடுவதென்றாலும் காய்க்கிற செடிக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். "எங்கள் கொல்லையில் நல்ல வெயில்" என்று சித்திரையில் பார்த்துச் சொல்பவர்கள் மார்கழியில் ஏமாந்து போகிறார்கள். நம் ஊரில் நடுப்பகல் சூரியன் வருடத்தில் சில மாதம் வடக்கே சாய்ந்தும் மீதி மாதங்கள் தெற்கே சாய்ந்தும் போகிறது. ஆடியில் நடுப்பகல் வெயில் கொஞ்சம் வடக்கிலிருந்து விழும். மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும்.

தம்பி வீட்டில் இடம் வீட்டுக்கு வடக்கே இருப்பதால் இது முக்கியம். கைப்பிடிச் சுவரோடு 13 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், மார்கழி நடுப்பகலில் வீட்டு நிழல் வடக்கே எட்டு ஒன்பது அடி நீளும். அதாவது இருக்கும் 15 அடியில் பாதிக்கு மேல் நிழல். ஆடியில் அதே இடத்தில் நடுப்பகலில் நிழலே விழாது. இடம் வீட்டுக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிழக்கே, மேற்கே இருப்பவர்களுக்கு அரை நாள் வெயில், அரை நாள் நிழல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என மூன்று முறை நிழல் விழும் கோட்டைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் போடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. எங்கள் மகள் அந்தக் கோட்டை நோட்டில் வரைந்து வைத்தாள். மூன்று வருடமாக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப் பார்க்கிறோம்.

பை: சீக்கிரம் தொடங்கலாம், சீக்கிரம் வாடும்

எல்லாரும் முதலில் பைக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. தரையைக் கொத்த வேண்டாம், களை இல்லை, ஒரே நாளில் தோட்டம் போட்டது போல இருக்கும். செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. 5 கிலோ தென்னைநார்க் கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் அறுபது எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கி வரும். எங்கள் மகன் பெரிய டப்பில் அந்தக் கட்டி வீங்குவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நகரவில்லை. கட்டியைக் கழுவாமல் போடக்கூடாது. அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிய வேண்டும்.

பையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதைத் தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மாமாவால் தரையில் குந்த முடியாது. பழைய பெஞ்சு ஒன்றைப் பின்வாசலில் போட்டு அதன்மேல் ஆறு பைகளை வைத்தோம். எதிரே நாற்காலி. கத்தரி, மிளகாய் நாற்றெல்லாம் அங்கேதான் அவர் வளர்த்தார். தரையில் பாத்தி மட்டும் இருந்திருந்தால் 50 வருடம் விவசாயம் பார்த்த மனிதர் வாசலில் நின்று வேடிக்கை மட்டும்தான் பார்த்திருப்பார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பையை அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள்.

குறைகளும் பெரியவை. கோடையில் பைக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் வேண்டும். பை சூடாகி உள்ளே வேரும் வெந்துவிடும். ஊரில் ஒரு கல்யாணம் என்று இரண்டு நாள் பூட்டிக்கொண்டு போய் வந்தோம். 25 பையில் 14 பைச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. நிலத்துச் செடி இதே இரண்டு நாளைப் பெரிதாக வாடாமல் தாங்கும். அப்புறம் போர் தண்ணீர். எங்கள் பகுதியில் தண்ணீர் சற்று உப்பு. நிலத்தில் மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். பையில் மேலேயே தங்கி, வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாதம் ஒரு முறை தண்ணீரை நிறைய விட்டு அடியில் வடியவிட வேண்டியிருந்தது. சாதாரண பாலித்தீன் பை இரண்டு மூன்று வருடத்தில் வெயிலில் நைந்து கிழியும். செலவும் இதில்தான் அதிகம். பை, மண், உரம், நார் எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. நிலத்தில் அதில் பாதிகூட ஆகவில்லை.

மாடி மட்டுமே உள்ளவர்களுக்கு வேறு வழி இல்லை, பைதான். அவர்கள் தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளை (கிட்) அலுவலகத்தில் வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பின்னால் மண் இருக்கிற தம்பி போன்றவர்கள் பையையே முழுத் தோட்டமாக்கினால், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

நிலம்: முதல் மூன்று மாதம் முதுகு ஒடியும்

புது வீட்டுப் பின்புறத்து மண்ணில் நேராக விதைத்தால் ஒன்றும் வராது. அது மண்ணே இல்லை, கட்டடக் குப்பை. ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, ஜல்லியையும் சிமென்ட் கட்டியையும் பொறுக்கி எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் வைத்துவிடலாம் என்று தோன்றும். நாங்களும் யோசித்தோம். கடைசியில் வைக்கவில்லை. நான் கடப்பாரை, மகள் மண்வெட்டி, மகன் கல் பொறுக்குவது, மனைவி சல்லடை. நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்த நான்கு ஞாயிறும் எங்கள் குடும்பத்துக்கு நல்ல நாட்கள். உடைந்த பொம்மைச் சக்கரம், ஒரு பழைய ஐம்பது காசு, மண்புழு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல். முழுப் பாத்தியையும் ஒரே நாளில் கொத்தி முடிக்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். முதுகு பிடித்துக்கொள்ளும், மறுவாரம் யாரும் வரமாட்டார்கள்.

100 சதுர அடிக்கு 25 கிலோ மக்கிய தொழு உரம் என்பது சாதாரணக் கணக்கு. செத்துக் கிடந்த கட்டட மண்ணுக்கு முதல் முறை இரண்டு மடங்கு போடலாம். பச்சைச் சாணத்தை அப்படியே போடக்கூடாது. கறையானைக் கூப்பிட்டு விருந்து வைப்பதற்குச் சமம். ஒரு தடவை தக்கைப்பூண்டோ தட்டைப்பயறோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிட்டால் மண் மாறுவது கண்ணுக்கே தெரியும். அதற்கு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். பொறுமை உள்ள வீடுகளுக்கு இதுதான் நல்ல வழி.

பாத்தியின் அகலம் குடும்பத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. பெரியவர்கள் மட்டும் என்றால் மூன்றரை, நான்கு அடிகூட இருக்கலாம். பிள்ளைகளுக்கு மூன்று அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று ஒன்றரை அடிதான் அவர்களால் எட்ட முடியும். எட்டவில்லை என்றால் உள்ளே காலை வைப்பார்கள், மண் இறுகிவிடும். நடுவில் ஒன்றரை அடி நடைபாதை.

கோடையில் பள்ளப்பாத்தி, மழையில் மேட்டுப்பாத்தி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்தால் பள்ளப்பாத்தியில் தண்ணீர் நின்று மிளகாயும் தக்காளியும் வேர் அழுகும். இரண்டாம் வருடம் புரட்டாசிக் கடைசியில் பாத்தியை அரை அடி உயர்த்தாமல் விட்டதில் ஏழு தக்காளிச் செடிகள் போயின. மாமா முன்பே சொல்லியிருந்தார், நான்தான் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன்.

நிலத்துக்கே உள்ள எதிரிகள் உண்டு. எங்கள் பக்கம் மயில். விராலிமலைதான் மயிலுக்குப் பேர் போனது. இப்போது திருச்சியைச் சுற்றிப் புறநகரெல்லாம் மயில்தான். முளைத்து வரும் கீரையையும் தக்காளிப் பழத்தையும் கொத்திவிட்டுப் போகும். விதைத்த பாத்திக்குமேல் வலை கட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. எறும்பு இன்னொன்று. கீரை விதையைத் தூவிய இரவே தூக்கிக்கொண்டு போகும். பாத்தி ஓரத்தில் ஒரு பிடி ரவையைத் தூவி வைத்தால் அது ரவையோடு திருப்திப்படும். என் மகன் தினமும் "எறும்புக்குச் சாப்பாடு" என்று எடுத்துக்கொண்டு ஓடுவான்.

இத்தனைக்கும் நான் நிலத்தைத்தான் சொல்வேன். மூடாக்கு போட்டுவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் போதும். காய்ந்த தென்னை ஓலை, வைக்கோல், சருகு எதுவானாலும் சரி, மண் வெயிலைப் பார்க்கக்கூடாது. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போனதில் ஒன்று இந்த மூடாக்கு. வருடம் போகப் போக மண் நல்லதாகிறது. பையில் வருடம் போகப் போகக் கலவை வீணாகிறது.

பந்தல்: காயைவிட நிழலுக்காக

பந்தலைப் பற்றி எனக்கு முதலில் பெரிய ஆசை இல்லை. சவுக்குக் கம்பு, கம்பி, நைலான் வலை என்று செலவு. "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கம்பை இரண்டடி ஆழம் புதைத்து, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டாவிட்டால் கொடி ஏறுவதற்குள் பந்தல் படுத்துவிடும். ஆறரை அடி உயரம் வைத்தோம். நான் தலை இடிக்காமல் நடக்கலாம், மகளுக்கு ஒரு முக்காலி போட்டால் எட்டும்.

பந்தல் வந்த பிறகுதான் எல்லாரும் ஒரே நேரத்தில் தோட்டத்தில் இருக்கத் தொடங்கினோம். பாத்தியில் வேலை இருந்தால் போவோம், முடிந்தால் வந்துவிடுவோம். பந்தலுக்கடியில் நிழல் இருக்கிறது, உட்காரலாம். மனைவி அங்கே கீரை ஆய்வாள், மாமா பேப்பர் படிப்பார். புடலங்காய் பிஞ்சு விட்டதும் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் சுருண்டுகொள்ளும். கல் தேடுவதும், கயிறு கட்டுவதும், மறுநாள் எவ்வளவு நீண்டது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பதும் பிள்ளைகளின் வேலை ஆனது.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கொடி வகைகளில் முதலில் ஆண் பூக்கள்தான் வரும். பத்து நாள் பூத்துப் பூத்து உதிரும். நோய் என்று பயந்து மருந்தடிக்காதீர்கள். பின்னால் பெண் பூ வரும், பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். பூசணி, பாகல் காலையில் மலரும். பீர்க்கு, சுரை மாலையில். புடலை இருட்டிய பிறகு. சுரையில் பிஞ்சு கருகி விழுந்துகொண்டே இருந்தபோது, மாலை ஆறரைக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவச் சொன்னேன். மகள் செய்தாள். நான்காம் நாள் பிஞ்சு பருத்தது. பாடப் புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கையை அவள் அதற்கு முன்பே படித்து மார்க்கும் வாங்கியிருந்தாள். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள்.

ஆடியில் அவரை போட்டுப் பந்தலில் ஏற்றினால், வெறும் கொடியாகவே ஐந்து மாதம் வளர்ந்து சலிப்பூட்டும். பகல் குறையும் காலத்தில்தான் நாட்டு அவரை பூக்கும். மார்கழிப் பனியில் பூத்து, தைப் பொங்கலுக்குக் காய் வரும். பொங்கலன்று படைத்த குழம்பில் எங்கள் அவரையும் பூசணியும் விழுந்தபோது மாமா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பந்தலை மட்டும் நம்பித் தொடங்குவது சரிவராது. முதல் காய்க்கு இரண்டு மாதமாவது ஆகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் என்பது ஒரு யுகம்.

முருங்கையைப் பற்றியும் தம்பி கேட்டிருந்தான். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 செடிமுருங்கை ஆறே மாதத்தில் காய்க்கும், நல்ல ரகம்தான். ஆனால் மழை முடிந்ததும் கம்பளிப்பூச்சி அடை அடையாக இறங்கும். சின்னப் பிள்ளைகள் புழங்கும் சிறிய இடத்தில் நான் வைக்கமாட்டேன். வாசல் பக்கம் இடம் இருந்தால் அங்கே வைக்கலாம்.

ஆளுக்கொரு பாத்தியா, எல்லாருக்கும் பொதுவா?

எதில் நடுவது என்பதைவிட இதுதான் பெரிய முடிவு. முதல் வருடம் ஆளுக்கு ஐந்து பை என்று பிரித்தோம். ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதி ஒட்டினோம். தொடக்கம் அமர்க்களம். மகளுக்கு அரையாண்டுத் தேர்வு வந்ததும் அவள் பைகள் காய்ந்தன. மகனுக்கு நேர்மாறு. தன் தக்காளி சீக்கிரம் வளர வேண்டும் என்று யாரும் பார்க்காத நேரத்தில் மூன்று நான்கு முறை தண்ணீர் ஊற்றியிருக்கிறான். பூவெல்லாம் கொட்டி, தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது. பக்கத்திலேயே அக்காவின் மிளகாய் வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. அது அவனுடையது இல்லை, அதனால் அவன் கண்ணில் படவே இல்லை. தன் செடி செத்ததற்கு அவன் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. குழந்தை ஆசையாகச் செய்ததுதான். பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

சரி, இனி எல்லாம் பொது என்று இரண்டாம் வருடம் முடிவு செய்தோம். யார் வேண்டுமானாலும் எதையும் பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசி வருவதற்குள் மனைவி ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, அதற்கு நடுவில் ஓஸைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஒருநாள், "தோட்டம் எல்லாருக்கும், வேலை எனக்கு மட்டும். இதுக்குக் கடையிலேயே வாங்கிடலாம்" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. எல்லாருடையதும் என்றால் அதைக் கேட்கிற ஆள் இல்லை. கண்ணில் படுகிறவர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வருடம் பாத்தியைப் பிரிக்கவில்லை, வேலையைப் பிரித்தோம். விதை, நாற்று, எதை எப்போது போடுவது எல்லாம் மாமா. கொத்துவது, உரம், பந்தல், வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய்க் கரைசல் என்னுடையது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புத் தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. மகள் பூச்சி பார்ப்பவள். ஞாயிறு, புதன் இரண்டு நாள் இலையைத் திருப்பிப் பார்த்து அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எது இருந்தாலும் சொல்வாள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டதும் அவள்தான், வெள்ளை ஈ அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். மகன் வெண்டைக்காய் பறிப்பான். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும் என்பதால் அது நிஜமாகவே முக்கியமான வேலை. நுனியை உடைத்துப் பார்த்துப் பறிக்கச் சொல்லிக்கொடுத்தோம். என்ன காய் போடுவது என்று சொல்லும் உரிமை மட்டும் மனைவிக்கு, வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அவள் தினமும் வருகிறாள், பந்தலுக்கடியில் உட்காருகிறாள். வேண்டும் என்றால் களை பிடுங்குகிறாள், இல்லையென்றால் இல்லை.

இதில் ஒரு விலக்கு. சின்னப் பிள்ளைக்குத் தனியாக இரண்டடிக்கு இரண்டடி இடம் கொடுங்கள். அங்கே தக்காளி, கத்தரி வேண்டாம். சிறுகீரையோ அரைக்கீரையோ விதைக்கட்டும். மூன்றாம் நாள் முளைக்கும், 25 நாளில் பறித்துவிடலாம். கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் பிழைத்துக்கொள்ளும். தம்பியின் நான்கு வயதுப் பெண்ணுக்கு இதுதான் பொருத்தம். விதையை மணலோடு கலந்து கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாகத் தூவுவாள்.

தண்ணீர்

சொட்டுநீர் போட்டால் தண்ணீர் மிச்சம், நேரம் மிச்சம், ஊருக்குப் போனாலும் கவலையில்லை. நான் போட்டேன், எங்கள் உப்புத் தண்ணீருக்கு ஆறு மாதத்தில் துளை அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுத்துவிடலாம், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் குழாயைத் திறந்துவிட்ட நாள் முதல் தோட்டத்துக்குப் போவதற்குக் காரணமே யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. இலைச் சுருட்டுப்புழு பாதிச் செடியைத் தின்ற பிறகுதான் பார்த்தோம். இப்போது பைகளுக்கு மட்டும் சொட்டுநீர். பாத்திக்குக் கையால்தான், பிள்ளைகளுக்குச் சின்னப் பூவாளி. நானூறு ஐந்நூறு சதுர அடிக்கு மேல் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதை என்னைப் போலச் செய்ய முடியாது, அவர்களுக்குச் சொட்டுநீர் அவசியம்தான்.

அரிசி களைந்த தண்ணீர் எந்தச் செடிக்கும் போகலாம். சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் கீரைக்கு வேண்டாம். அது விழும் இடத்தில் ஒரு வாழையை வைத்துவிடுங்கள். நம் வீடுகளில் குழாயடியில் வாழை நின்றதற்கு அதுதான் காரணம்.

எப்போது தொடங்குவது, எந்த விதை

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, அதனால் சித்திரையிலேயே விதைத்துவிடலாம் என்பான் தம்பி. வேண்டாம். திருச்சி கத்தரி வெயிலில் முளைத்தது பாதி கருகும். பிள்ளைகள் முதல் முயற்சியிலேயே மனம் விட்டுவிடுவார்கள். விடுமுறையில் மண் வேலையை முடிக்க வேண்டும். கொத்தி, பொறுக்கி, உரம் போட்டு வைத்தால் ஆடிப்பட்டத்துக்குத் தயார். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வந்து மாலையில் விதை போடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நாள் நினைவில் நிற்கிறது, வெண்டை எத்தனை நாளில் பூத்தது என்று பிள்ளைகளே கணக்குச் சொல்கிறார்கள்.

ஆடியில் வெண்டை, கொத்தவரை, கத்தரி, அவரை, கொடி வகைகள். தக்காளியை ஆடியில் அவசரப்பட்டு நட வேண்டியதில்லை. ராத்திரியும் வெக்கையாக இருந்தால் பூ நிற்காது, கொட்டிவிடும். புரட்டாசியில் நாற்றுப் போட்டு ஐப்பசியில் மேட்டுப்பாத்தியில் நட்டால் மார்கழி, தையில் பழம் தாராளம். ஐந்து பேருக்கு 12 வெண்டை, ஆறு கத்தரி, எட்டு தக்காளி, நான்கு மிளகாய் போதும். அதற்குமேல் வைத்தால் பார்க்க முடியாது.

விதையில் நான் நாட்டு ரகம் பக்கம்தான். கலப்பின விதை கூடுதலாகக் காய்க்கும், உண்மைதான். ஆனால் அதிலிருந்து எடுத்த விதை தாய் போல வராது. வருடா வருடம் கடைக்குப் போக வேண்டும். வெண்டையில் இரண்டாவது, மூன்றாவது காய் நல்லதாக இருந்தால் அதைப் பறிக்காமல் செடியிலேயே நெற்றாக விட்டு, மாமா விதை எடுப்பார். சாம்பலில் புரட்டி டப்பாவில் போட்டு மூடிவைப்பார். டப்பாவின் மேல் வருடத்தை எழுதுவது மகனின் வேலை. எங்கள் கத்தரி இலவம்பாடி முள்கத்தரி, வேலூர் பக்கத்திலிருந்து ஒரு நண்பர் தந்தது. முள் இருக்கிறது, பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதற்கு இணை இல்லை. வெண்டையில் மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன். மஞ்சள் நரம்புத் தேமல் உங்கள் பகுதியில் அதிகமாக இருந்தால், அந்த நோயைத் தாங்குவதற்காக பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா அனாமிகாவைப் போடலாம். அது கலப்பினம் இல்லை, விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தம்பியின் இடத்துக்கு

வீட்டுச் சுவரை ஒட்டி முதல் நான்கு அடியைப் பைக்கும் நடைக்கும் விட்டுவிடு. பின்வாசல் பக்கம் ஒரு பெஞ்சு, அதன்மேல் எட்டுப் பை, எதிரே அம்மாவுக்கு நாற்காலி. மார்கழி நிழல் அங்கே விழுந்தாலும் புதினா, கொத்தமல்லி தாங்கும். மற்றதை நகர்த்திக்கொள்ளலாம்.

அடுத்த ஆறு அடியில், வடக்கு தெற்காக மூன்றடி அகலத்தில் நான்கு பாத்தி வரும். வீட்டுப் பக்கப் பாதியில் கீரை, முள்ளங்கி. வெளிப்பக்கப் பாதியில் வெண்டையும் கத்தரியும், ஐப்பசிக்குப் பிறகு தக்காளியும். ஒரு பாத்தியின் மூலையில் உன் பெண்ணுக்கு இரண்டடி.

கடைசி ஐந்தடியில், வடக்குச் சுவரை ஒட்டிப் பந்தல். அங்கே போட்டால் மார்கழியில் பந்தல் நிழல் சுவர்ப் பக்கம் போய்விடும், பாத்திமேல் விழாது. ஆடியில் ஓர் அடி அளவுக்குத்தான் பாத்திப் பக்கம் வரும். முதல் வருடம் பந்தல் போடாதே. கம்பு நடும் குழியை மட்டும் இப்போதே தோண்டிச் செங்கல்லால் மூடி வை. பாத்தியில் ஒரு பட்டம் எடுத்த பிறகு அடுத்த ஆனியில் போட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு என்ன வேலை என்பதை நீங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள், நான் சொல்லக்கூடாது. உன் மனைவியை முதலில் பேசவிடு.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாங்கள் வருகிறோம். கடப்பாரை ஒன்று, மண்வெட்டி இரண்டு, சல்லடை எங்களிடம் இருக்கிறது. மாமா கத்தரி விதையும் வெண்டை விதையும் பொட்டலம் கட்டி வைத்துவிட்டார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் இடம் முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு வை, இல்லையென்றால் அந்த மண்ணில் கடப்பாரை இறங்காது.